சீனி என்று எழுதிய தாள்

மயிலோடைத் தோட்டம், மேற்பிரிவு,
மடுல்சீமை.
18.02.2024

ஜெயரூபனுக்கு,

உன் சுகத்தைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னதை அடுத்த வாரமே "நான் அப்பிடிச் சொல்லலியேக்கா" என்று மாற்றிவிடலாம். தாளில் எழுதியதை மாற்ற முடியாது. இனி என்னிடம் சொல்ல வேண்டியதை எழுது. கூப்பிட்டால் எடுக்கமாட்டேன். மகள் நிஷாந்தினியும் எடுக்கமாட்டாள்.

தோட்டத்து விலாசத்துக்குப் போடாதே. தபால் முதலில் ஆபீசுக்குத்தான் போகிறது. அங்கே யார் பிரிக்கிறார்கள், யார் ஒட்டுகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மடுல்சீமை பஸாரில் புஹாரி நானாவின் மரக்கறிக் கடைக்குப் போடு. அவர் நிஷாந்தினி கையில் மட்டும் கொடுப்பார்.

செவ்வாய்க்கிழமை பதுளை ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றிக் கேட்கிறேன். என் இரண்டு கணைக்காலிலும் இருப்பது உனக்குத் தெரியும். நடுவில் மஞ்சள், மெழுகு பூசினதுபோல ஒரு பளபளப்பு, ஓரமெல்லாம் செங்கருப்பு. தோல் அவ்வளவு மெல்லியதாகி உள்ளே நரம்பு ஓடுவது தெரிகிறது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. இரண்டு வருடமாக வளர்ந்துகொண்டே போகிறது. எனக்குச் சிங்களம் பற்றாது என்றுதான் நீ கூட வந்தாய். நான் கூப்பிடவில்லை, நீயாகவே வந்தாய். அதையும் இப்போது யோசிக்கிறேன்.

விரலில் குத்திப் பார்த்த பிறகு டாக்டரம்மா என் காலைத் தொட்டுத் தொட்டு உன்னிடம் பேசினார். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம் பேசினார். நீ என் பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லக்கா, சீனி கூடிருச்சு. அதால வந்த தோல் வருத்தம்" என்றாய். பன்னிரண்டு நிமிடம் பேசியது தமிழில் அவ்வளவுதானா?

சந்தையில் பேசுகிற அளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும். "வத்த" என்றால் தோட்டம். அந்த வார்த்தையை நீ மூன்று தடவை சொன்னாய். என் காலைப் பற்றிய பேச்சில் தோட்டம் எதற்கு வந்தது? பிறகு என்னை இரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே போனாய். வரும்போது ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். அது என்ன தாள்?

மருந்து அடிக்கும் ஆட்களுக்கு மூன்று வருடம் தண்ணீர் சுமந்தவள் நான். களைமருந்து கலக்கும்போது தெறிப்பது காலில்தான். தொழிலாளருக்காகப் பேசப் பதுளையிலிருந்து வரும் தனுஜா மிஸ், மருந்தால் நோய் வருத்தம் வந்தவர்களின் பெயரை எழுதி அரசாங்கத் தொழில் கந்தோருக்கு மனுக் கொடுக்கப் போகிறார். அதில் என் பெயரும் இருக்கிறது. நீயோ அந்தக் கம்பனியின் இன்னொரு தோட்டத்தில் கிளார்க். அதனால்தான் கேட்கிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த மாத்திரை பையில் அப்படியே இருக்கிறது.

ரெங்கம்மா


ஹல்துமுல்லை.
27.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். ஒரு வேலைநாளை விட்டுவிட்டு, விடியும் முன்பே பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்காக நம்பர் எடுத்து நின்றவனுக்கு இப்படி ஒரு கடிதம்.

உங்களுக்கு வந்திருப்பது "நெக்ரோபயோசிஸ் லிப்போய்டிக்கா" என்ற தோல் வருத்தம். டாக்டர் எழுதித் தந்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களில் வெகு சிலருக்கு வருமாம். அன்று சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் உங்களுக்குச் சீனி 238. நூறுக்குள் இருக்க வேண்டியது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். டாக்டர் தந்த கிரீமைப் பூசுங்கள். காலில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தோட்டம் என்று நான் சொன்னது, நீங்கள் மலையில் நின்று வேலை செய்பவர் என்பதை விளக்கத்தான். சட்டைப்பையில் வைத்தது அடுத்த கிளினிக்குக்கான திகதித் துண்டு.

தனுஜா மிஸ் நல்ல எண்ணத்தோடுதான் வருவார், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காலுக்கும் அந்த மனுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வீணாகத் தோட்டத்தோடு பகைக்க வேண்டாம். நிஷாந்தினிக்கும் நாளை ஒரு வேலை தேவைப்படும்.

வீட்டுக்காரி ஜெயந்தினி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தம்பி ஜெயரூபன்


மடுல்சீமை.
10.03.2024

ஜெயரூபனுக்கு,

திகதித் துண்டு என்னிடம் இருக்கிறது. நர்ஸ் என் கையில்தான் தந்தார். அன்று கூட வந்த நிஷாந்தினி டாக்டர் அறை வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். டாக்டரம்மா ஒரு தாளில் ஆறேழு வரி எழுதி, முத்திரை குத்தி உன்னிடம் நீட்டினாராம். "மாமா வாசிச்சுப் பாத்துட்டு ரெண்டா மடிச்சாரும்மா" என்கிறாள். பொய் சொல்வதென்றால் கொஞ்சம் நன்றாகச் சொல்லியிருக்கலாம்.

நிஷாந்தினியின் வேலையை எதற்கு இழுத்தாய்? அது புத்திமதியா, மிரட்டலா? உன்னுடைய வார்த்தையா, ஆபீசில் யாராவது சொல்லிக் கொடுத்த வார்த்தையா?

சீனி என்ற சொல்லை உன் வாயால் நான் கேட்பது இது இரண்டாவது தடவை. உன் அத்தான் பதினொரு வருடம் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மலை மலையாக மருந்து அடித்தவர். கையுறையும் இல்லை, முகத்துக்கு ஒன்றும் இல்லை. கடைசியில் சிறுநீரகம் இரண்டும் போய், முகம் வீங்கி, என் மடியில் கிடந்துதான் செத்தார். அப்போதும் நீ வந்து, "அத்தானுக்குச் சீனி இருந்திருக்குக்கா, வெளிய சொல்லாம வச்சிருந்திருக்காரு" என்றாய். நான் நம்பினேன். இருபது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தினவள் நான். ஒரு நாளும் ஒருவரும் அவருக்குச் சீனி என்று சொன்னதில்லை. கிளினிக் கொப்பி கூட அவருக்குக் கிடையாது. ஆனாலும் படித்த தம்பி சொல்கிறானே என்று நம்பினேன்.

அவர் இறந்து ஒரு மாதத்தில் நீ ஒரு சிங்களக் கடிதம் கொண்டுவந்தாய். "காம்பிரா நம்ம பேர்லயே இருக்கணும்னா இதுல கையெழுத்து வேணுமாம்" என்றாய். இருக்கிற ஒற்றை அறையையும் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் போட்டேன். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த அட்டையையும் ஆபீசில் காட்ட வேண்டும் என்று வாங்கிப் போனாய். அந்த அட்டை இன்றுவரை திரும்பி வரவில்லை. அடுத்த தைக்குள் உனக்கு ஹல்துமுல்லையில் வேலை நிரந்தரமாகி, குவாட்டர்சும் கிடைத்துவிட்டது.

இவ்வளவு நாளும் இதையெல்லாம் தனித்தனியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

ரெங்கம்மா


ஹல்துமுல்லை.
19.03.2024

அக்கா,

அந்தக் கடிதத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கேட்டுக் கும்பிடுகிறேன்.

என்னை நம்ப வேண்டாம். நான் இல்லாமல் போங்கள். பசறையிலோ பண்டாரவளையிலோ எங்கேயாவது தமிழ் பேசும் டாக்டராகப் பார்த்துக் காலைக் காட்டுங்கள். என்னைச் சந்தேகப்படுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். மாத்திரையை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

ஜெயரூபன்


மடுல்சீமை.
02.05.2024

ஜெயரூபனுக்கு,

போன ஞாயிறு நீ வந்து தட்டியபோது உள்ளேதான் இருந்தேன். நீ இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததும், வைத்துவிட்டுப் போன பையில் பழமும் மாத்திரையும் இருந்ததும் தெரியும். பழத்தை அடுத்த காம்பிராப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

கதவைத் திறக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நான் நடப்பதை நீ பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின வாரம் கவாத்து மலையில் வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்று இடது காலில் இடித்தது. முன்பென்றால் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டேன். அந்த மஞ்சள் தோல் ஈரத் தாள் கிழிவதுபோலக் கிழிந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன், கோப்பித்தூள் வைத்துக் கட்டினேன். மூன்று வாரமாகிறது, ஆறவில்லை. அகலமாகிக்கொண்டு வருகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் என் பக்கத்தில் நிற்பதில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தண்ணீர் குடித்த கோப்பையை என் முன்னாலேயே ஒருத்தி சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து ஐயாவிடம் போனேன். "சீனி பாத்தீங்களா, பதுளைக்குப் போங்க" என்றார். அவரும் அதே சொல்லைச் சொல்கிறார். அவரும் கம்பனிச் சம்பளக்காரர்தான். ஆபீசிலிருந்து சொல்லிவைத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே இறங்கி வந்தேன்.

நீ பதில் எழுதாத கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தொழில் கந்தோரில் தோட்டம் கொடுத்து வைத்திருந்த பிரதியைத் தனுஜா மிஸ் எடுத்து வந்து, எங்கள் காம்பிராவில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். என் புருசனுக்குப் பல வருடமாகச் சீனி இருந்தது, அவர் அதை மறைத்து விரும்பியே மருந்து அடிக்கும் வேலைக்குப் போனார், சீனியால்தான் சிறுநீரகம் கெட்டது, தோட்டத்தின் மேல் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே சாட்சி என்று உன் கையெழுத்து. காம்பிராவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தனுஜா மிஸ் வாசித்து முடித்ததும் நிஷாந்தினி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அழவில்லை. நீ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று நான் இரண்டு பேர் எடுக்கும் கொழுந்தை ஒருத்தியாக எடுத்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

இப்போது நீயே சொல். சீனி என்று நீ சொல்வதை இனி நான் எப்படி நம்புவது?

ரெங்கம்மா


ஹல்துமுல்லை.
11.05.2024

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரித்தேன். பிறகு வேலை செய்ய முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்து, இதை எழுதுகிறேன். நான்கு தாளைக் கிழித்துவிட்டேன்.

2019 ஐப்பசியில், அத்தானின் காரியம் முடிந்து சில நாளில், அப்போது தோட்டத்தில் சின்னதுரையாக, உதவி மனேஜராக இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். நான் அங்கே தற்காலிகக் கிளார்க். "அக்காகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க. ஹல்துமுல்லையில எடம் ஒண்ணு காலியா இருக்கு" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரியாததுபோல நின்றேன். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். அத்தானுக்குச் சீனி என்று எழுதிய கை என்னுடையது. காம்பிரா போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்தினதும் நான்தான், அதை யாரும் சொல்லித் தரவில்லை. அத்தான் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை, இதனால் யாருக்கும் நட்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அட்டையைக் கிழித்துவிடச் சொன்னார்கள். கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். கிழிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் வாசித்துச் சொல்லமாட்டேன். நீங்கள் நம்பும் யாரிடமாவது காட்டுங்கள்.

அந்தச் சின்னதுரை இப்போது உங்கள் தோட்டத்துப் பெரியதுரை. தை மாதம் எனக்குப் போன் எடுத்தார். "ஒங்க அக்கா பேரு அந்த லிஸ்ட்ல இருக்காமே. கிளினிக்குக்கு நீங்களும் போங்க. மருந்தால வந்ததில்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க." அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். சட்டைப்பையில் வைத்தது அந்தத் தாள். பிரதியை மறுநாளே துரைக்கு அனுப்பிவிட்டேன். அசல் இதில் இருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் டாக்டர் சொன்னதை இப்போது முழுவதும் எழுதுகிறேன். இது மிகவும் அரிதான வருத்தம். சீனி உள்ளவர்களில் ஆயிரத்தில் சிலருக்கு மட்டும் வரும், அதிகம் பெண்களுக்கு. சிலருக்குச் சீனி இருப்பது தெரியவரும் முன்பே கால் காட்டிக்கொடுத்துவிடும். சீனியே இல்லாதவர்களுக்கும் எப்போதாவது வருவதுண்டு. ஏன் வருகிறது என்று மருத்துவத்துக்கே முழுதாகத் தெரியாது. சீனியை இறக்கினாலும் தழும்பு போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தோல் தாள்போல மெல்லியது, சின்ன அடியிலும் கிழியும். சீனி ஏறியிருக்கும்போது கிழிந்தால் ஆறாது. கிருமி எலும்புவரை போனால் கால் போய்விடும். யாருக்கும் ஒட்டாது, பக்கத்தில் இருந்து சாப்பிடலாம். இதில் எதையும் நான் உங்களிடம் சொல்லவில்லை. என் காரியம் முடிந்துவிட்ட அவசரத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

களைமருந்தால் வந்ததா என்று கேட்டேன். "இல்லை, அது வேறு மாதிரி இருக்கும். ஆனால் நான் இந்தக் காலைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்" என்றார். எழுதும்போது நிறுத்திவிட்டு, "அங்கே எத்தனை பேர் பூட்ஸ் இல்லாமல் மருந்து அடிக்கிறார்கள்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும், அக்கா. அங்கே இருந்தவரை அந்தக் கணக்கை எழுதினவனே நான்தான்.

அத்தானுக்குச் சீனி என்று சொன்னது பொய். உங்களுக்குச் சீனி என்று சொல்வது உண்மை. இரண்டையும் சொன்னவன் நானாகப் போய்விட்டேன். அந்தப் பொய்யால் இந்த உண்மையை நீங்கள் தள்ளிவிட்டுக் காலை இழந்தால், அத்தானுக்குச் செய்ததைவிடப் பெரிய பாவமாகிவிடும்.

இந்தக் கடிதத்தின் முதற்பாதியில் எழுதியதை அப்படியே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அடையாள அட்டை நம்பர் போட்டு, கையெழுத்து வைத்துத் தனுஜா மிஸ்ஸுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபாலில். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அக்கா.

ஜெயரூபன்


பதுளை ஆஸ்பத்திரி,
பெண்கள் வார்டு.
09.06.2024

ஜெயரூபனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இதுவும் ஒரு நடிப்போ, என் பெயரை மனுவிலிருந்து எடுக்க வைக்கும் புது வழியோ என்றுதான் முதலில் யோசித்தேன். அதனால் என் வழியில் பார்த்தேன்.

முதலில் பசறையில் இரத்தம் பார்க்கும் ஒரு கடையில் வேறு பெயர் கொடுத்தேன். 251. இரண்டு நாள் விட்டுப் பண்டாரவளையில் இன்னொரு பெயர். 263. மூன்றாவது பதுளையில் ஒரு பாமசி. புஹாரி நானாவின் மனைவி ஷிப்னாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மெஷின் வருகிறவர்களுக்கெல்லாம் சீனி என்றே காட்டுகிறதோ என்று சந்தேகம். அதே மெஷினில் முதலில் ஷிப்னாவுக்குக் குத்தச் சொன்னேன். 96. பிறகு எனக்கு. 247. "இனி யாரச் சந்தேகப்படப் போறீங்க, ஒங்க ரத்தத்தையா?" என்று ஷிப்னா கேட்டாள். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று இடத்திலும் இருந்தவர்களை உனக்கும் தெரியாது, துரைக்கும் தெரியாது. அவர்களை நம்பினேன், உன்னை இல்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள். ஊசி போடுகிறார்கள். புண்ணைக் கழுவும்போது நான் போட்ட சத்தம் கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும். ஓரத்தில் சின்னத் துண்டு தோல் வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி, நீ எழுதிய அதே பெயரைத்தான் சொன்னார்கள். எலும்பைத் தொடவில்லையாம். இன்னும் இரண்டு வாரம் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார்.

இங்கே பிரஷாந்தினி என்று மட்டக்களப்பிலிருந்து வந்த தமிழ் டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் உன் அத்தானின் அட்டையைக் காட்டினேன். மெதுவாக வாசித்தார். "இவருக்குச் சீனி இருக்கல்லம்மா. சாப்பிடாம எடுத்தது தொண்ணூத்தி நாலு. ரெண்டு தரம் பார்த்திருக்காங்க." சிறுநீரகம் எதனால் போனது என்று இந்த அட்டையை வைத்துத் தன்னால் சொல்ல முடியாது, ஆனால் சீனியால் இல்லை என்று சொல்லலாம் என்றார். அதற்கு அழுதேன். என் புருசன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நாலரை வருடம் நான்தான், மறைத்துவிட்டுப் போனாரே என்று மனசுக்குள் அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

தனுஜா மிஸ் வந்திருந்தார். மனுவிலிருந்து என் காலை எடுக்கச் சொன்னேன். "அது மருந்தால வந்ததில்ல மிஸ், பொய்யா ஒண்ணு இருந்தா மத்ததையும் பொய்ன்னுடுவாங்க" என்றேன். அந்த இடத்தில் இராசையா என்று என் புருசனின் பெயரை எழுதச் சொன்னேன். கீழே கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் இரண்டு பேரிடம் வாசித்துக் கேட்டேன்.

சாட்சி ஜெயரூபன் என்ற பெயரையும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். பழைய கடிதத்தில் இருப்பதையும், புதிதாக நீ எழுதியதையும்.

ரெங்கம்மா


ஹல்துமுல்லை.
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாகப் புஹாரி நானாவிடம் கேட்டு அறிந்தேன். அது போதும்.

என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறார்கள். குவாட்டர்சை மாத முடிவில் விட வேண்டும். ஜெயந்தினி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டிகளைக் கட்டத் தொடங்கினாள். "நாலு வருசமா இந்த வீட்டுல எனக்கு ஏன் மனசு ஒட்டலன்னு இப்பதான் தெரியுது" என்றாள். தொழில் கந்தோரில் விசாரணை ஜூலை 29. வருவேன். எழுதியதை வாயாலும் சொல்வேன். துரை இரண்டு முறை ஆள் அனுப்பினார். போகவில்லை.

பதுளையில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை கேட்டு அலைகிறேன். எனக்காகக் கவலைப்பட வேண்டாம். இந்த யோசனையில் உடம்பு கொஞ்சம் இளைத்துவிட்டது, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டேன். நாக்கு வறண்டுகொண்டே இருக்கிறது. பெரகலயில் பஸ் மாறுவதற்குள் இரண்டு போத்தல் தண்ணீர் முடிந்துவிடுகிறது. எல்லாம் மனக்கவலைதான்.

விசாரணைக்கு முன் ஒரு தடவை வந்து உங்கள் காலைப் பார்க்கலாமா? என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கத் தைரியமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

தம்பி ஜெயரூபன்


மடுல்சீமை.
08.07.2024

தம்பிக்கு,

மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. விசாரணையில் நீ பேசி முடி. அதற்குப் பிறகும் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டாய் என்பதற்காக மனசு உடனே திரும்பிவிடாது.

புண் சுருங்கி வருகிறது. காலையில் சாப்பாட்டுக்கு முன் நிஷாந்தினி சீனி பார்க்கிறாள். நேற்று 131. தழும்பு அப்படியேதான் இருக்கிறது, இருக்கட்டும். முழங்கால்வரை கால்மேஸை இழுத்துப் போட்டு, அதற்கு மேல் தடிப்பாகத் துணி சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போகப் போகிறேன்.

இதெல்லாம் இருக்கட்டும். உன் கடிதத்தில் நான்கு வரி எனக்குப் பிடிக்கவில்லை. கவலையில் இளைத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கவலையில் பஸ் மாறுவதற்குள் இரண்டு போத்தல் தண்ணீர் குடித்த ஆளை நான் கண்டதில்லை. எனக்கும் இரண்டு வருடம் முன்பு அப்படித்தான் நாக்கு வறண்டது. வெயில் என்று நினைத்தேன். இந்தக் கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் பிரஷாந்தினியிடம் அந்த நான்கு வரியை மட்டும் காட்டினேன். மேலேயும் கீழேயும் இருந்ததை மடித்துப் பிடித்துக்கொண்டேன், அது நம் வீட்டுக் காரியம். "ஒங்கட தம்பியா? கூடப் பிறந்தவரா? அப்ப உடனே பார்க்கச் சொல்லுங்க, நாள் கடத்த வேணாம்" என்றார்.

அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் தண்ணீர் தண்ணீர் என்றுதான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

நாளைக்கே போ. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போ. இரத்தம் கொடு. சிறுநீரையும் பார்க்கச் சொல். காலிலே ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று ஜெயந்தினியை விட்டுப் பார். உன் கண்ணை நான் நம்பமாட்டேன்.

"பார்த்தேன் அக்கா, ஒன்றுமில்லை" என்று எனக்கு எழுதாதே. நீ எழுதுவது எனக்குப் போதாது. ஆஸ்பத்திரி முத்திரை குத்திய தாளை, அசலை, புஹாரி நானாவின் கடைக்கு அனுப்பு. பிரதி வேண்டாம். அந்தத் தாள் என் கைக்கு வந்த பிறகு நீயும் வா.

அக்கா